விற்பதற்கு முன் கேள்வி கேட்கும் கடை: ஜாலான் பாசார், கோலாலம்பூர்

இன்வெர்ட்டர் (பேட்டரி மின்சாரத்தை வீட்டு மின்சாரம் போல மாற்றும் கருவி) புரொஜெக்ட்டுக்குச் சாமான் எங்கே வாங்கினாய் என்று இந்த செமஸ்டரில் மட்டும் மூன்று ஜூனியர்கள் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டுவதைவிட ஒரே தடவையில் எழுதிவிடுகிறேன். இது ஒரு கடையைப் பற்றியது. ஆனால் அந்தக் கடையில் என்ன நடந்தது என்று சொன்னால்தான் நான் ஏன் அங்கே போகச் சொல்கிறேன் என்பது புரியும், அதனால் நடுவில் சர்க்யூட் கணக்கும் வரும், பொறுத்துக்கொண்டு படியுங்கள், அந்தக் கணக்கே உங்களுக்கு உதவும்.

புடு எல்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கி நடந்து போகிற தூரம்தான். ஜாலான் பாசார் என்றால் எலெக்ட்ரானிக்ஸ் படிக்கிறவர்களுக்குத் தெரிந்திருக்கும், ரெசிஸ்டர், கெப்பாசிட்டர், ஒயர், ஸ்பீக்கர், ஸ்விட்ச் என்று வரிசையாகக் கடைகள். கம்ப்யூட்டருக்கு லோ யாட் பிளாசா எப்படியோ, உதிரிப் பாகங்களுக்கு இந்தத் தெரு அப்படி. நான் சொல்லும் கடையின் பெயரைப் போட வேண்டாம் என்று அங்கே வேலை செய்யும் அண்ணன் கேட்டுக்கொண்டார், அதனால் அடையாளம் மட்டும் சொல்கிறேன். வாசலில் பழைய டிரான்ஸ்பார்மர்களை அடுக்கி வைத்திருப்பார்கள், உள்ளே இரண்டு பக்கச் சுவரும் தரையிலிருந்து கூரை வரை சின்னச் சின்ன இழுப்பறைகள், ஒவ்வொன்றின் நெற்றியிலும் அந்தப் பாகத்தையே ஒன்று ஒட்டி வைத்திருப்பார்கள். முதலாளி சீனர், வயதானவர், கல்லாவில் உட்கார்ந்திருப்பார். சாமான் எடுத்துக் கொடுப்பது நம் ஆள், செந்தூல்காரர்.

என் புரொஜெக்ட் இதுதான். 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரி இரண்டைத் தொடராக இணைத்து 24 வோல்ட் டிசி. அதிலிருந்து 50 ஹெர்ட்ஸ் சைன் அலை, 100 வாட். வெளியே வரும் வோல்ட்டை ஒரு குமிழைத் திருகி 100-லிருந்து 240 வரை மாற்ற முடிய வேண்டும். நம் நாட்டு மின்சாரம் கணக்குப்படி 230 வோல்ட், மேலே 10 சதவீதமும் கீழே 6 சதவீதமும் போகலாம், அதாவது 253 வரை வந்தாலும் முறைதான். அதனால் 240 என்று வைத்துக்கொண்டோம்.

முதலில் நாங்கள் ஜாலான் பாசாருக்குப் போகவில்லை. ஆன்லைனில் ஐஆர்எஃப்3205 மாஸ்ஃபெட் (கரண்ட்டை வேகமாக ஆன், ஆஃப் செய்யும் டிரான்சிஸ்டர்) பத்து, மிக மலிவாக வந்தது, வாங்கிவிட்டோம். யாரிடம் வாங்கினோம் என்பது இங்கே தேவையில்லை. லேப்பில் பாதி லோடு கூட ஏற்றவில்லை, மூன்று போய்விட்டது. கோடிங் தப்பு என்று நினைத்து இரண்டு வாரம் மாஸ்ஃபெட்டுக்குக் கட்டளை கொடுக்கும் அர்டுயினோ போர்டையே நோண்டிக்கொண்டிருந்தோம். கடைசியில் என் குரூப் தோழிக்குத்தான் தோன்றியது, பாகத்தையே சோதித்துப் பார்க்கலாமே என்று. கேட் என்கிற கட்டுப்பாட்டுக் காலுக்கு 12 வோல்ட் கொடுத்து, மற்ற இரண்டு கால்களான டிரெய்னிலிருந்து சோர்ஸுக்கு லேப் பவர் சப்ளையில் 3 ஆம்பியர் ஓடவிட்டு, இரண்டு காலுக்கும் நடுவே மல்டிமீட்டரை வைத்தோம். ஐஆர்எஃப்3205-இன் டேட்டாஷீட்டில் ஆன் ஆகும்போது தடை அதிகபட்சம் 8 மில்லிஓம். 3 ஆம்பியருக்கு 24 மில்லிவோல்ட் காட்டினால் சரி. எங்களுக்குக் காட்டியது 70. மிச்சமிருந்த ஏழையும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தோம், எல்லாமே எழுபதைச் சுற்றித்தான். நெயில் பாலிஷ் ரிமூவரைப் பஞ்சில் தொட்டுத் தேய்த்தால் மேலே உள்ள எழுத்து கருப்பாகப் பஞ்சில் வந்துவிட்டது. உள்ளே ஏதோ சின்ன மாஸ்ஃபெட், மேலே பெரிய மாஸ்ஃபெட்டின் பெயர். இந்தச் சோதனைக்கு ஐந்து நிமிடம் போதும். யார் எங்கே வாங்கினாலும் சாலிடர் வைப்பதற்கு முன்னால் இதைச் செய்துவிடுங்கள்.

அப்புறம்தான் ஒரு சனிக்கிழமை காலை லிஸ்டை எடுத்துக்கொண்டு புடுவுக்குப் போனேன்.

அண்ணன் லிஸ்டை வாங்கி மேலிருந்து கீழே ஒரு தடவை படித்தார். எந்த இழுப்பறையையும் திறக்கவில்லை.

"எதுக்கும்மா இது?"

"இன்வெர்ட்டர் அண்ணே. காலேஜ் புரொஜெக்ட்."

"எத்தனை வாட்?"

"நூறு."

"பேட்டரி 24. சரி. இறங்கினா எவ்வளவு வரைக்கும் இறங்க விடுவ?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஆறு மாதமாக இந்த புரொஜெக்ட்டைச் செய்துகொண்டிருக்கிறோம், இரண்டு தடவை பிரசன்டேஷன் கொடுத்திருக்கிறோம், யாரும் இதைக் கேட்டதில்லை. அவர் பில் புத்தகத்தைத் திருப்பி அட்டையின் பின்பக்கம் பென்சிலால் 21 என்று எழுதினார். ஈய அமில பேட்டரியை அதற்குக் கீழே விட்டால் பேட்டரிக்கு ஆயுசு குறையும் என்றார்.

என் லிஸ்டில் 240-க்கு 18 டிரான்ஸ்பார்மர், அதாவது 18 வோல்ட்டை 240 ஆக்குவது, என்று எழுதியிருந்தேன். காரணம் எளிது. சைன் அலையின் உச்சி அதன் வோல்ட்டைப் போல 1.414 மடங்கு, அதனால் 24-ஐ 1.414-ஆல் வகுத்தால் 17 வோல்ட், அதற்குப் பக்கத்தில் கடையில் கிடைப்பது 18, அவ்வளவுதான். அவர் என்ன சொன்னார் என்றால், 18 வோல்ட் சைன் அலையின் உச்சி 25.5 வோல்ட். பேட்டரி நன்றாக சார்ஜ் ஆகி 25.6-இல் இருக்கும்போது அந்த உச்சியைத் தொட்டும் தொடாமலும் வரும். பேட்டரி 21-க்கு வந்துவிட்டால் அலையின் தலை வெட்டுப்பட்டுத் தட்டையாகிவிடும், 240-உம் வராது. 12 வோல்ட் எடு என்றார். 12-க்கு உச்சி 17. பேட்டரி நிறைந்திருக்கும்போது 17-ஐ 25.6-ஆல் வகுத்தால் 0.66, பேட்டரி இறங்கிய நிலையில் 17-ஐ 21-ஆல் வகுத்தால் 0.81. அதாவது பிடபிள்யூஎம்மின் (மாஸ்ஃபெட்டை வேகமாக ஆன், ஆஃப் செய்து அலையை உண்டாக்கும் முறை) வீச்சை 0.66-க்கும் 0.81-க்கும் நடுவே நகர்த்தினாலே 240 நிலையாக நிற்கும், ஒயரிலும் மாஸ்ஃபெட்டிலும் தொலைகிற வோல்ட்டுக்கும் மேலே இடம் இருக்கிறது. இந்த இடம் இல்லாமல் வோல்ட்டை மாற்றுகிற இன்வெர்ட்டர் செய்யவே முடியாது, கீழே இறக்கலாம், மேலே பிடித்து நிறுத்த முடியாது. இதை நான் எதிலும் இவ்வளவு தெளிவாகப் படித்ததில்லை.

மேல் தட்டில் வட்டமான டொராய்டு டிரான்ஸ்பார்மர் ஒன்று பளபளவென்று இருந்தது, அதையே கேட்டேன். அதைக் கொடுக்க மாட்டேன் என்றார். விலை அதிகமுள்ள சாமானை வேண்டாம் என்று ஒரு கடைக்காரர் சொல்லி நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். காரணம் இதுதான்: நான்கு மாஸ்ஃபெட் சேர்ந்த இன்வெர்ட்டர் பிரிட்ஜில் பாசிட்டிவ் பக்கமும் நெகட்டிவ் பக்கமும் நூலிழை சமமில்லாமல் போனாலும் கொஞ்சம் டிசி டிரான்ஸ்பார்மருக்குள் ஏறும். வட்டமான இரும்புக் கோரில் இடைவெளியே கிடையாது, அந்தக் கொஞ்ச டிசிக்கே கோர் நிரம்பிக் கரண்ட்டை இழுக்கும். தகடு அடுக்கிய ஈஐ வகை அதைக் கொஞ்சம் தாங்கும். கனமான, அசிங்கமான, கருப்பு வார்னிஷ் பூசிய 150 விஏ ஈஐ ஒன்றை எடுத்துத் துடைத்துக் கொடுத்தார். அதன் கனம் என் பையின் பட்டையை அறுத்துவிட்டது, ஆனால் புரொஜெக்ட் முடியும் வரை ஒரு தடவை கூட அது தொல்லை கொடுக்கவில்லை.

அடுத்தது மாஸ்ஃபெட். மறுபடியும் 3205 கேட்டேன், அவரிடம் அசல் இருந்தது. "டிரைவர் எது வெச்சிருக்க?" என்றார். மாஸ்ஃபெட்டின் கேட்டை இயக்கும் ஐசியைத்தான் கேட்கிறார், ஐஆர்2104 என்றேன். இரண்டு மாஸ்ஃபெட்டும் ஒரே நேரத்தில் ஆன் ஆகாதபடி அந்த ஐசியே 520 நானோவிநாடி இடைவெளி விடும், ஐஆர்2110-இல் அந்த இடைவெளியை நாமே கோடில் வைக்க வேண்டும், அதனால்தான் 2104-ஐ எடுத்திருந்தோம். "சின்ன டிரைவருக்குப் பெரிய கேட்டைக் கொடுக்காத, ஐஆர்எஃப்இசட்44 போதும் உனக்கு" என்று மட்டும் சொன்னார். அந்த இடத்தில் எனக்குப் புரியவில்லை. பக்கத்து மாமாக் சாப்பாட்டுக் கடையில் தே தாரிக் டீ வாங்கிக்கொண்டு உட்கார்ந்து போனில் டேட்டாஷீட்டைத் திறந்து பார்த்தேன். 3205-இன் கேட் மின்னூட்டம் 146 நானோகூலோம் வரை போகும். 2104 அதை வெளியே இழுக்கும் கரண்ட் 270 மில்லிஆம்பியர். வகுத்துப் பார்த்தால் 0.54 மைக்ரோவிநாடி. அந்த ஐசி விடுகிற இடைவெளியோ 0.52. அதாவது ஒரு மாஸ்ஃபெட் முழுதாக அணைவதற்குள் அடுத்தது எரிய ஆரம்பித்துவிடும், பேட்டரியிலிருந்து நேராக ஷார்ட். ஐஆர்எஃப்இசட்44என்-க்கு 63 நானோகூலோம்தான், 0.23-இல் அணைந்துவிடும். தடை 17.5 மில்லிஓம், இரண்டு மடங்குக்கு மேல். ஆனால் 100 வாட்டுக்கு 12 வோல்ட் பக்கம் 8.3 ஆம்பியர், ஒரு நேரத்தில் கரண்ட் இரண்டு மாஸ்ஃபெட் வழியாகப் போகும், சூடாகப் போவது மொத்தம் இரண்டரை வாட்டுக்குள். கையளவு ஹீட் சிங்க் தாங்கும். பெரிய நம்பர் போட்ட பாகம் நல்ல பாகம் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு அந்தக் கணக்கைப் போட்டு முடித்தபோது தே தாரிக் ஆறிப்போயிருந்தது. திரும்பக் கடைக்குப் போய் ஐஆர்எஃப்இசட்44என் எட்டு வாங்கினேன், நான்கு வேலைக்கு, நான்கு கைக்காவலுக்கு. வீட்டில் அதே 3 ஆம்பியர் சோதனையில் எல்லாம் 50 மில்லிவோல்ட்டுக்குக் கீழே, சரியாக இருந்தது.

சின்ன விஷயங்களிலும் இப்படித்தான். மேல் மாஸ்ஃபெட்டின் கேட்டுக்கு வோல்ட் கொடுக்கும் பூட்ஸ்ட்ராப்புக்கு 1என்4007 டயோடு எழுதியிருந்தேன், அவர் கேட்காமலேயே யூஎஃப்4007 எடுத்து வைத்து, 20 கிலோஹெர்ட்ஸுக்கு அது தூங்கும், இது முழித்துக்கொண்டிருக்கும் என்றார். விலை வித்தியாசம் காசுக் கணக்குதான். பூட்ஸ்ட்ராப் கெப்பாசிட்டர் கேட்டபோது, "ரெண்டு கையும் வேகமா ஆடுதா, ஒரு கை மெதுவா ஆடுதா?" என்றார். மேலும் கீழுமாக உள்ள ஒரு ஜோடி மாஸ்ஃபெட்டை அவர் கை என்கிறார். ஒரு கையை 50 ஹெர்ட்ஸில் மட்டும் மாற்றுகிற முறையில் செய்தால் மேல் மாஸ்ஃபெட் 10 மில்லிவிநாடி முழுதும் ஆனில் நிற்க வேண்டும், அதற்குப் பெரிய கெப்பாசிட்டர் தேவை. எங்களுடையதில் இரண்டு கையும் 20 கிலோஹெர்ட்ஸ், 1 மைக்ரோஃபாரட் போதும். 240 பக்கத்து ஃபில்டருக்கு எக்ஸ்2 என்று போட்ட 275 வோல்ட் ஏசி ஃபிலிம் கெப்பாசிட்டரைத் தவிர வேறு எதையும் தர மாட்டேன் என்றார், அதில் நான் வாதாடவில்லை.

கடையில் இஜிஎஸ்002 என்கிற தயார் போர்டும் இருக்கிறது. இஜி8010 சிப், டிரைவர், எல்லாம் அதிலேயே, ஒரு டிரிம்மரைத் திருகினால் ஃபீட்பேக் மாறி வெளி வோல்ட்டும் மாறும், டெட் டைம், அதாவது முன்னே சொன்ன அந்த இடைவெளி, 300 நானோவிநாடியிலிருந்து 1.5 மைக்ரோவிநாடி வரை ஜம்பரில் மாற்றலாம். நேரம் இல்லாதவர்களுக்கு நல்ல போர்டு. எங்கள் விரிவுரையாளர் அலையை நீங்களே உண்டாக்க வேண்டும் என்றதால் நாங்கள் அர்டுயினோ ஊனோவிலேயே செய்தோம். 16 மெகாஹெர்ட்ஸில் டைமர்1-ஐ ஃபேஸ் கரெக்ட் முறையில் (ஏறி இறங்கி எண்ணுவது) 20 கிலோஹெர்ட்ஸுக்கு வைத்தால் 400 படிகள் கிடைக்கும். 240-க்கு அது தாராளம். 100 வோல்ட்டுக்கு இறக்கும்போது வீச்சு 0.28-க்கு வந்துவிடும், 400-இல் 110 படிதான் மிச்சம், அலையில் லேசான படிக்கட்டு அலையைக் காட்டும் ஆசிலாஸ்கோப்பில் தெரிந்தது, ஃபில்டருக்கு அப்புறம் தெரியவில்லை. குமிழைச் சட்டென்று திருகினால் டிரான்ஸ்பார்மர் "ங்ங்" என்று உறுமியது. அலை பூஜ்ஜியத்தைக் கடக்கும்போது மட்டும் வீச்சை மாற்று, அதுவும் ஒரு சுற்றுக்கு 2 சதவீதத்துக்கு மேல் நகராதே என்று கோடில் எழுதிய பிறகு நின்றுவிட்டது.

ஒரு எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். ஒரு நாள் அர்டுயினோவை மூன்று முள் சார்ஜர் குத்திய லேப்டாப்பில் யூஎஸ்பியால் இணைத்தபடியே, பிரிட்ஜ் வெளியேற்றத்தில் ஆசிலாஸ்கோப்பின் எர்த் கிளிப்பை மாட்டினோம். அந்த சார்ஜர் வழியாக லேப்டாப்பின் கிரவுண்டும், யூஎஸ்பியால் அதோடு சேர்ந்த பேட்டரி நெகட்டிவும் எர்த், ஸ்கோப்பின் கிளிப்பும் எர்த், கீழ் மாஸ்ஃபெட் அப்படியே ஷார்ட் ஆகி மேல் மாஸ்ஃபெட் வெடித்தது. மூடி பறந்து என் தோழியின் கண்ணாடியில் பட்டது. கண்ணாடி போடாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன். இரண்டு புரோபை வைத்து ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துப் பாருங்கள், எர்த் கிளிப்பைத் தொடாதீர்கள். பேட்டரிக்குப் பக்கத்திலேயே 10 ஆம்பியர் கார் ஃபியூஸ் வையுங்கள். வெளியே வருவது 240 வோல்ட், பேட்டரியிலிருந்து வந்தது என்பதால் அது லேசாக அடிக்காது, கொல்லும். தனியாக லேப்பில் ஓட்டாதீர்கள், சுவர் சாக்கெட்டோடு எந்தக் காலத்திலும் இணைக்காதீர்கள்.

சரி, கடையின் குறைகள். எதிலும் விலை ஒட்டவில்லை, கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். மாஸ்ஃபெட் ஆன்லைன் விலையைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஐசியைத் திருப்பி எடுக்க மாட்டார்கள். காலேஜில் பணம் திரும்பக் கேட்க ஒவ்வொரு சாமானும் தனித்தனியாக எழுதிய ரசீது வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் மொத்தத் தொகை மட்டும் எழுதிக் கொடுப்பார்கள், நான் அதற்காகவே ஒரு தடவை திரும்பப் போனேன். சனிக்கிழமை பதினொரு மணிக்கு மேல் இரண்டு பேர் நிற்கவே இடம் இருக்காது, அப்போது அண்ணனுக்கும் பேச நேரம் இருக்காது. வார நாளில் காலையில் போங்கள். காரில் போகாதீர்கள், நிறுத்த இடம் தேடுவதற்குள் பாதி நாள் போய்விடும். கியூஆரில் பணம் கட்டலாம்.

இன்னொன்றும் இருக்கிறது. லிஸ்டை நீட்டிவிட்டு போனைப் பார்த்துக்கொண்டு நிற்பவர்களுக்கு அண்ணன் கேட்டதை எடுத்துக் கொடுத்து அனுப்பிவிடுகிறார், நானே பார்த்தேன். சர்க்யூட் படத்தைத் தாளில் வரைந்து எடுத்துப் போங்கள், எத்தனை வாட், எந்த லோடு, பேட்டரி எதிலிருந்து எது வரை என்று மேலேயே எழுதி வையுங்கள். அவர் படத்தைப் பார்த்தால் பேசுவார். எலெக்ட்ரானிக்ஸ் எங்கே படித்தீர்கள் என்று கேட்டேன். ரேடியோ, டிவி ரிப்பேர் கடையில் கைவேலையாகக் கற்றதுதான் என்றார். எரிந்துபோன சாமானைக் கொண்டுவருகிறவர்களிடம் என்ன நடந்தது என்று கேட்டுக் கேட்டுத்தான் மிச்சத்தைத் தெரிந்துகொண்டாராம். என்னிடமிருந்த போலி மாஸ்ஃபெட்டைக் கொண்டுபோய்க் காட்டியபோது ஒன்றைக் கேட்டு வாங்கிக் கண்ணாடி மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டார், அடுத்து வருகிறவர்களுக்குக் காட்ட.

புரொஜெக்ட் முடிந்ததும் பெரிய பிஸ்கட் டின்னில் அடைத்த இன்வெர்ட்டரையும் பேட்டரியையும் தள்ளுவண்டியில் கட்டி, எல்ஆர்டியில் ஏற்றி அந்தக் கடைக்கே கொண்டுபோனோம். சாமி அறையில் போடுகிற சிவப்பு பல்பு ஒன்றையும் 60 வாட் சாலிடரிங் அயர்னையும் மாட்டினோம். 100-இல் பல்பின் இழை மட்டும் மங்கலாகச் சிவந்தது, குமிழைத் திருகத் திருக முதலாளியின் முகத்தில் சிவப்பு ஏறியது. அவர் கல்லாவிலிருந்து எழுந்து வந்து தானே ஒரு தடவை திருகிப் பார்த்து, "பாகுஸ், பாகுஸ்" என்று மலாயில் பாராட்டிக்கொண்டே திரும்பிப் போய் உட்கார்ந்தார். அண்ணன் பல்பைப் பார்க்கவே இல்லை. ஹீட் சிங்க்குக்கு மேல் உள்ளங்கையை வைத்துச் சூடு பார்த்தார், டிரான்ஸ்பார்மரைத் தொட்டுப் பார்த்தார், மீட்டரில் பேட்டரி எவ்வளவு என்று பார்த்தார்.

"காத்தாடி ஓட்டிப் பார்த்தீங்களா? மோட்டார் வெச்சா வேற மாதிரி இழுக்கும்."

இல்லை அண்ணே என்றோம். வீட்டில் பழைய மேசைக் காத்தாடி ஒன்று இருக்கிறது, இறக்கைக்கு எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன், செவ்வாய்க்கிழமை காலை வகுப்பு இல்லை, அன்றைக்குப் போகிறோம்.